அஞ்சலை வைத்த ஒத்தடம்

அறுவை மருத்துவரின் விரல் குழந்தையின் வயிற்றுக்குச் சற்று மேலே அப்படியே நின்றது. தொடவில்லை. தொப்புளுக்கு வலப்பக்கம், கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது.

"இது எப்போலேருந்து?" என்று கேட்டார்.

கட்டிலின் தலைமாட்டில் நின்ற அஞ்சலை, மகளின் சட்டையைச் சிவப்பின் மேல் இழுத்து விட்டாள். மருத்துவர் அதை மறுபடி விலக்கினார். பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தை ஒட்டியே ஒரு கோடு வரைந்தார். கோடு ஒரு வட்டமாக முடிந்தது.

"நான் இன்னா சிலேட்டா?" என்றாள் பவானி. உதடு வெடித்திருந்ததால் சொற்கள் சரியாக வரவில்லை. மருத்துவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பஸ்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த பஸ்களில் அத்தனை தடவை எதற்குப் போனீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்காகத்தான் போனேன்.

யார் யார்

அஞ்சலை என் பெரியம்மா மகள். எனக்கு அக்கா முறை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஏழுமலைக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளும் பருவத்தில் உப்பு சுமக்கப் போவாள். பவானி அவர்களுக்கு ஒரே பெண். அப்போது நான்காம் வகுப்பு.

நான் பாண்டிச்சேரியில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். கோட்டக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவர் மனைவி பவானிக்கென்று பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். மருத்துவமனை என் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தது. அதனால் பவானியின் வைத்தியத்தில் எனக்கு ஒரு பங்கு தானாக வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துச் சொல்வதும், பஸ் ஏற்றி விடுவதும், இட்லி வாங்கி வருவதும் என் வேலை.

பெரிய அலை வந்த பிறகு கரையோர ஊர்களில் எல்லாம் மருத்துவ முகாம் போட்டார்கள். அஞ்சலையின் வீட்டுக்கு அலை வரவில்லை. ஆனாலும் இலவச மருந்து என்று வேடிக்கை பார்க்கப் போனாள். சேலையைப் பிடித்துக்கொண்டு பவானியும் போனாள். முகாமில் இருந்த ஒரு மருத்துவர் அம்மாவை விட்டுவிட்டு மகளின் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நகம் வெள்ளையாக இருந்தது. காலில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள். இரத்தப் புற்றுநோய் என்று தெரிய அதன்பின் அதிக நாள் ஆகவில்லை.

உப்பு கம்மி

முதல் கட்ட வைத்தியத்தில் ஊசிகளோடு சில மாத்திரைகளும் உண்டு. அந்த மாத்திரைகள் அகோரப் பசியைக் கொண்டுவரும். அந்தப் பசிக்கு இனிப்பு பிடிக்காது. பவானி ஊறுகாய் கேட்டாள், கருவாடு கேட்டாள், விடியும்போதே பழைய சோற்றுக்கு மாங்காய் கேட்டாள். முகம் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஏழுமலைக்கு இது பெரிய வேடிக்கை.

"உப்பளத்தான் பொண்ணுக்கு உப்பு கம்மியாம். நாளைக்கு மீன்காரன் பொண்ணுகிட்ட மீனு துன்னாதன்னு சொல்லுவாங்க" என்று வார்டில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். பவானி வீட்டு மூலையில் இருந்த கோணிக்குள் கைவிட்டு ஒரு கல் உப்பை எடுத்து வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். கன்னம் வீங்கியிருப்பது மாத்திரையாலா உப்பாலா என்று அஞ்சலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

வார்டில் மிகக் கண்டிப்பாகச் சொன்ன விஷயம் இன்னொன்று. காய்ச்சல். ஊசி போட்டு அனுப்பும்போதெல்லாம் மூத்த நர்ஸ் ஒரே பாடத்தைச் சொல்வார்.

"நூறைத் தாண்டிச்சின்னா ஒடனே கெளம்பி வரணும். மாத்திரை குடுத்துட்டுக் காலையில பாத்துக்கலாம்னு உக்காந்திருக்கக் கூடாது. புரியுதா?"

அஞ்சலைக்குப் புரிந்தது. தர்மாமீட்டரை உதறுவதும், அக்குளில் வைப்பதும், வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாதரசக் கோட்டைப் படிப்பதும் அவளுக்கு நன்றாகக் கைவந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாக்களுக்குக்கூட அவள்தான் படித்துச் சொல்வாள்.

சட்டியில் வெடிக்கும் உப்பு

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் வலிக்காத இடம் கிடையாது. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை, குதிகால். எல்லாவற்றுக்கும் அங்கே முதல் வைத்தியம் ஒன்றுதான். இரும்புச் சட்டியில் கல் உப்பைக் கொட்டி வறுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்கியதும் பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டு, வலிக்கிற இடத்தில் வைத்து எடுப்பார்கள். சூடு பொறுக்குமா என்று முதலில் தங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

மற்ற ஊர்களில் இதற்குத் தவிட்டையோ மணலையோ செங்கல்லையோ எடுப்பார்கள். இவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. எந்தப் பாத்தி உப்பு சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும் என்பது வரை அவர்களுக்குள் பேச்சு உண்டு.

சிறு வயதில் விடுமுறைக்குப் போனபோது எனக்குக் காது வலிக்கு வைத்தார்கள். வலி போயிற்று. அது தானாகவே போகிற வலியாக இருந்திருக்கலாம். வறுத்த துணியின் வாசனையும், முடிச்சை எடுத்த பிறகு கன்னத்தில் உட்கார்ந்திருந்த கதகதப்பும் நினைவில் இருக்கின்றன.

அந்தக் கதகதப்பைப் பற்றி அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. உப்பின் சூடு உடம்புக்குள் இறங்கும். இறங்கி உள்ளே இருக்கும் நீரை இழுக்கும். அதுவரை உடம்பு சுடத்தான் செய்யும். பிறகு தானாக ஆறிவிடும். அதற்குப் பெயர் உப்புச் சூடு. அதைக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் நடந்தது

இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

உப்பு விளைச்சல் உச்சத்தில் இருந்த கோடை. ஊசி போட்டு வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் பவானிக்கு வயிறு வலித்தது. அஞ்சலை பதறவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊசிகளில் ஒன்று குடலை மந்தமாக்கும். முன்பு ஒருமுறை பவானிக்கு வெளிக்கே போகாமல் வயிறு கல்லாகி வலித்தபோது, இது பல பிள்ளைகளுக்கு வருகிறதுதான் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். இதுவும் அதே வலி என்று அஞ்சலை நினைத்தாள்.

உப்பை வறுத்தாள். ஒத்தடம் கொடுத்தாள். பவானி கொஞ்ச நேரம் தூங்கினாள். எழுந்ததும் மறுபடி வலி. மறுபடி ஒத்தடம்.

நடுவில் தர்மாமீட்டரும் வைத்தாள். அதை அவள் மறக்கவில்லை. பாதரசம் நூறைத் தாண்டி நின்றது. வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் படித்தாள்.

"கொதிக்குதேடி" என்றாளாம் எதிர்வீட்டுக்காரி, பவானியின் கழுத்தைத் தொட்டு.

"உப்பு வெச்சிருக்கேன் இல்ல. உப்பு சூடுதான். ஆறிடும்" என்றாள் அஞ்சலை.

எதிர்வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலை பவானிக்குத் தண்ணீராக வயிற்றுப்போக்கு. நிமிர்ந்து நிற்க முடியாமல் வலப்பக்கம் மடங்கி நின்றாள். ஏழுமலை விடியும் முன்னரே உப்பு வாரப் போயிருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, உப்பு வியாபாரி ஒருவரின் வேனில் அஞ்சலை கிளம்பினாள். கிளம்பும் முன் பூத்திலிருந்து என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"பாப்பாவுக்கு வயிறு சரியில்ல. பாண்டிக்கு வர்றோம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

வேன் பொம்மையார்பாளையம் தாண்டும்போதே பவானியிடம் ஒத்தடத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்கு முந்தைய மாதம், மகனுக்குப் பச்சிலைச் சாறு கொடுத்த ஒரு பெண்ணை வார்டு மொத்தமும் கேட்கும்படி நர்ஸ் திட்டியதை அவள் பார்த்திருந்தாள்.

கத்தியா, காத்திருப்பா

மருத்துவமனையில் பவானியின் சூட்டைப் பார்த்தார்கள். அஞ்சலையிடம் எப்போதிலிருந்து காய்ச்சல் என்று கேட்டார்கள். "வண்டியில வரும்போதுதான்" என்றாள். இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். பிறகு பவானிக்கு வைத்தியம் பார்க்கும் பெண் மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். அவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

புற்றை அழிக்கும் மருந்து உடம்பின் காவலான வெள்ளை அணுக்களையும் அழிக்கிறது. குடலின் உள்தோலையும் புண்ணாக்குகிறது. குடலுக்குள் எப்போதும் இருக்கும் கிருமிகள், காவல் இல்லாத சமயம் பார்த்துக் குடல் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது கீழ் வயிற்றில், சுவர் வீங்கித் தடித்துப்போகும். எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதில்லை. அபூர்வம். வந்தால் ஆபத்து. அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் மிகவும் ஆபத்து.

"மலச்சிக்கல் இல்லீங்களா?" என்றாள் அஞ்சலை.

"இல்லம்மா. இது வேற."

அதன்பின் அறுவை மருத்துவர் வந்தார். கோடு வரைந்தார். டாக்டரம்மாவும் அவரும் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று பேசினார்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பேச்சு. எனக்குக் கேட்டது.

ஓட்டை வழியே கசிந்த காற்று எக்ஸ்ரேயில் தெரியவில்லை. ஆனால் ஆரம்பத்தில் அது தெரியாமலும் போகலாம். வயிறு இறுகியிருக்கிறது. தோல் வரை சிவந்துவிட்டது. உள்ளே அழுகி, அது வெளிச்சுவர் வரை வந்திருக்க வேண்டும். திறந்து பார்ப்பதுதான் சரி. இது அறுவை மருத்துவரின் கட்சி.

வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைவு. இப்போது கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது, புண் ஆறாது. ஓட்டை உறுதியானால் ஒழியக் காத்திருக்கலாம். இது டாக்டரம்மாவின் கட்சி.

"அந்தச் சிவப்பு மட்டும் இல்லன்னா நானும் காத்திருப்பேன் மேடம்" என்றார் அறுவை மருத்துவர்.

சிறிது நேரத்தில் ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி ஒருவர் வந்துவிட்டுப் போனார்.

நல்ல உப்பு

அப்போதுதான் ஏழுமலை வந்து சேர்ந்தார். பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. மகளைப் பார்த்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி, வயிற்றில் நீலக் கோடு.

அறுவை மருத்துவர் அவரிடம் முதலிலிருந்து சொன்னார். கடைசியாக, ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லோரிடமும் கேட்பதுபோல், "எங்கயாவது விழுந்தாளா, அடிபட்டதா, ஏதாவது தடவுனீங்களா? இந்த எடம் இப்படி செவந்திருக்கே" என்று கேட்டார்.

"அதுவா சார், ஒத்தடம் வெச்ச செவப்பு" என்றார் ஏழுமலை.

அஞ்சலை தரையைப் பார்த்தாள்.

"என்ன ஒத்தடம்?"

"உப்பு ஒத்தடம் சார்." மருத்துவரின் முகம் மாறியதை, உப்பின் தரத்தைப் பற்றிய சந்தேகம் என்று ஏழுமலை எடுத்துக்கொண்டார். "நல்ல உப்பு சார். என் கையால வாருன உப்பு. ஒரு தூசு தும்பு இருக்காது. கடை உப்பு வெக்கல சார், சத்தியமா."

டாக்டரம்மா டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தார். சிவப்பின் ஓரத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் துணி முடிச்சு அழுந்திய தடம் இருந்தது. நடுவில் கடுகளவுக்கு ஒரு கொப்புளம். விரலால் மெல்ல நீவினார். தோல் மட்டும்தான் சிவந்திருந்தது. அடியில் தடிப்பு இல்லை. அறுவை மருத்துவரும் குனிந்து நீவிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு டாக்டரம்மா அஞ்சலையிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"எப்ப வெச்சீங்க?"

"நேத்து."

"நேத்து ஒடம்பு சுட்டுச்சா?"

"அது காய்ச்சல் இல்லீங்க மேடம். உப்பு சூடு."

"தர்மாமீட்டர் வெச்சீங்களா?"

"வெச்சேன். நூத்திரண்டு."

"நேத்தே வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டரம்மா அதை முடிக்கவில்லை. அஞ்சலை தலையை ஆட்டினாள்.

ஏழுமலை சொன்ன ஒரு வாக்கியத்தால் இரண்டு விஷயம் நடந்தது. சிவப்பு உள்ளேயிருந்து வந்ததில்லை என்று தெரிந்ததால் கத்தி தள்ளிப்போயிற்று. காய்ச்சல் ஒரு நாள் பழையது என்று தெரிந்ததால் கிருமிக்கான மருந்தை இன்னும் வீரியமானதாக மாற்றினார்கள்.

"கோட்டுக்கு வெளியே சிவந்தாலோ, எக்ஸ்ரேல காத்து தெரிஞ்சாலோ, யாரையும் கேக்க மாட்டேன். திறந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அறுவை மருத்துவர்.

கோடு

வார்டு வராந்தாவில் அஞ்சலை புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வாய் சும்மா இருக்காதா? எல்லார் எதிர்லயும் உப்பு உப்புன்னு..."

"ஏன், திருட்டு உப்பா வெச்ச?"

"நான் மறைச்சி வெச்சிருந்தேன்யா."

"எதுக்கு மறைச்ச?"

அஞ்சலை சுவரோரம் உட்கார்ந்தாள். ஏழுமலை குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை இட்லி வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தேன். இருவரும் சாப்பிடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் பவானிக்கு வாய் வழியாக எதுவும் கிடையாது. தண்ணீர்கூட இல்லை. குடலுக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். மூக்குக் குழாய் வழியே பச்சையாக ஏதோ வெளியே வந்து பையில் சேர்ந்தது. வயிற்றின் சுற்றளவை டேப் வைத்து அளந்தார்கள். எக்ஸ்ரே எந்திரத்தை வார்டுக்கே உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்களுக்கு அதெல்லாம் புரியவில்லை. கோடு புரிந்தது. ஏழுமலை வேலைக்குப் போகவில்லை. கட்டிலருகில் முக்காலியைப் போட்டுக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தில தண்ணி விட்டுட்டு வரப்பப் பாத்துனு இருப்போம், ஏறுதா கசியுதான்னு. அதே வேலதான்" என்றார் என்னிடம். பக்கத்தில் படுத்திருந்த பவானி, "என் வயித்துல உப்பு வெளைய வெக்கப் போறியா நைனா?" என்றாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. அன்று அவள் பேசியது அது மட்டும்தான்.

இரண்டாம் முறை வயிறு இறுகியபோது அறுவை மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நீண்ட நேரம் கையை வைத்திருந்தார். புது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போய்விட்டார். அஞ்சலை என் கையைப் பிடித்திருந்தாள். விட்ட பிறகுதான் வலித்தது.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. முதலில் ஓரத்தில் மங்கியது. கொப்புளம் காய்ந்தது. மெல்ல மெல்லச் சிவப்பு பழுப்பாயிற்று. நீலக் கோடு மட்டும், உள்ளே எதுவும் இல்லாத வேலிபோல நின்றது. வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் பவானிக்குச் சத்தமாகக் காற்றுப் பிரிந்தது. வார்டில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நர்ஸ் ஓடிவந்து, "நல்ல செய்தி, நல்ல செய்தி. கொடல் வேலை செய்யுது" என்றார். அதை நல்ல செய்தி என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

குழாயை எடுத்த பிறகு முதலில் வெந்நீர் கொடுத்தார்கள். பிறகு கஞ்சித் தண்ணீர். பவானி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல."

அஞ்சலை டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா, "கொஞ்சமா போடுங்க" என்றார்.

இன்னொரு கேள்வி

வைத்தியம் தொடர்ந்தது. மழைக்காலம் போய், பாத்திகளைச் செப்பனிட்டு, அடுத்த உப்புப் பருவமும் தொடங்கியது. பவானிக்கு முடி அடர்த்தியாக முளைத்திருந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயிற்றில் ஒத்தடம் வைத்த இடம் மட்டும் பழுப்பாகவே நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் பவானியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கை அந்த இடத்தில் நின்றது.

"இது என்ன தழும்பு?"

"உப்பு ஒத்தடம் வெச்சது சார். நான்தான் வெச்சேன்" என்றாள் அஞ்சலை. "காய்ச்சல உப்பு சூடுன்னு நெனச்சி ஒரு நாள் வீட்டுலயே வெச்சிருந்துட்டேன். அப்புறம்தான் கொடல் வீங்கினு இங்க வந்தோம்."

அவர் அவ்வளவு கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பாதி விலகியிருந்த திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் காத்திருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, மடியில் மொட்டைத் தலைக் குழந்தை ஒன்றை வைத்திருந்தவள், "நாங்களும் அதத்தான்கா வெப்போம்" என்றாள்.

"வெக்காத" என்றாள் அஞ்சலை. "தர்மாமீட்டர் வெய்யி. அது நூறுன்னு சொன்னா நூறுதான். நீ ஒரு கணக்கு போடாத. வண்டி புடிச்சி வந்துடு."

"அம்மா, போதும்மா" என்றாள் பவானி, கூச்சத்தில் நெளிந்துகொண்டு.

அஞ்சலை நிறுத்தவில்லை. எந்த இடத்தில் வைத்தாள், எப்படிச் சிவந்தது என்று மகளின் வயிற்றைக் காட்டியே அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டவள் பவானிதான்.